பத்து மூவ் முன்னால் யோசிப்பது இல்லை என்றால் வேறு எது? செஸ்ஸிலிருந்து தொழிலுக்கு எடுத்துப் போகும் முறைகள்

நடுப்பலகை (தொடக்கப் பதிவு)

செஸ்ஸிலிருந்து வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் என்ன கற்கலாம் என்று எங்கே கேட்டாலும் வரும் பதில்கள் ஒரே அச்சில் இருக்கின்றன. பொறுமை வேண்டும், தொலைநோக்கு வேண்டும், பத்து மூவ் முன்னாடியே யோசிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். எடுத்துச் செய்து பார்க்க அதில் ஒன்றும் இருக்காது.

இந்த இழையில் வேறு மாதிரி பேசலாம் என்று ஆசை. போட்டிகளில் ஆடுகிறவர்கள், பயிற்சி தருகிறவர்கள், நிறுவனம் நடத்துகிறவர்கள் என்று பலரும் இங்கே இருக்கிறீர்கள். பலகையில் பின்பற்றும் ஒரு முறையைச் சொல்லுங்கள்: எந்த வரிசையில் யோசிப்பது, எத்தனை நிமிடம், எங்கே சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது. அதை ஒரு விலை முடிவிலோ, ஆள் எடுப்பதிலோ, ஒப்பந்தத்திலோ எப்படிப் பொருத்துவது என்றும் சொல்லுங்கள். பொருந்தாது என்றால் அதையும் தாராளமாகச் சொல்லலாம். சொந்தக் கதைகள் வேண்டாம், முறை மட்டும் போதும்.

கறுப்புக்குதிரை

முதலில் அந்தப் பத்து மூவை ஓரம் வைத்துவிடலாம். டச்சு உளவியலாளர் அட்ரியான் டி க்ரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வில் கிராண்ட்மாஸ்டர்களுக்கும் நல்ல கிளப் ஆட்டக்காரர்களுக்கும் பலகையில் காய்கள் நிற்கும் ஒரே நிலையைக் காட்டி, வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். எவ்வளவு ஆழம் பார்க்கிறார்கள், எத்தனை வழிகளை அலசுகிறார்கள் என்பதில் பெரிய இடைவெளி இல்லை. கிராண்ட்மாஸ்டர்களின் கண் சீக்கிரமே சரியான மூவ் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். 1973இல் சேஸ், சைமன் இருவரும் செய்த சோதனையும் இதையே காட்டியது. நிஜ ஆட்டத்தில் வந்த நிலையைச் சில விநாடி காட்டி மறைத்தால் மாஸ்டர் மற்றவர்களைவிட மிக அதிகமான காய்களைத் திரும்ப வைத்தார். காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டியபோது அந்த அனுகூலம் கிட்டத்தட்ட காணாமல் போனது.

ஆகவே கேள்வி ‘எத்தனை மூவ்’ என்பதல்ல, ‘எதை முதலில் பார்ப்பது’ என்பதுதான். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

எதிராளி மூவ் போட்டதும், அந்தக் காய் புது இடத்திலிருந்து எதைத் தாக்குகிறது என்று பாருங்கள். கூடவே, பழைய இடத்தில் எதைக் காத்துக்கொண்டிருந்தது, இப்போது எதைக் காக்காமல் விட்டுவிட்டது என்றும் பாருங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அடுத்து கட்டாயப்படுத்தும் மூவ்கள்: செக், வெட்டு, மிரட்டல், இதே வரிசையில். அவை பிரயோஜனப்படாவிட்டால் இரண்டோ மூன்றோ கேண்டிடேட் மூவ்களை (பரிசீலிக்கத் தகுந்த மூவ்களை) தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு முறை கணக்கிட்டு, ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். ஒன்றையே திரும்பத் திரும்பக் கணக்கிடுவதால் பதில் மாறாது, கடிகாரம்தான் ஓடும். கடைசியாக, மூவை மனதில் போட்டுவிட்டு, எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய செக், வெட்டு, மிரட்டல் என்னென்ன என்று 20, 30 விநாடி பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி அரை நிமிடத்திலிருந்து யாருக்குமே விலக்கு இல்லை. 2006இல் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் புரோகிராமுடன் ஆடிய மேட்சின் இரண்டாவது ஆட்டத்தில், அப்போதைய உலக சாம்பியன் க்ராம்னிக் ஒரே மூவில் செக்மேட் ஆகும் இடத்தைக் கவனிக்காமல் ராணியை நகர்த்தினார். எஃப்8 கட்டத்தில் (பலகைக் கட்டங்களை எழுத்தும் எண்ணும் சேர்த்துக் குறிப்பார்கள்) நின்ற குதிரையின் துணையோடு ராணி எச்7இல் வந்து மேட். குதிரை அந்த இடத்தில் நின்றுகொண்டு மேட்டுக்குத் துணை போவது அபூர்வமான அமைப்பு. பழகிய வடிவங்களை வைத்து வேகமாகப் பார்க்கும் கண், பழகாத வடிவத்தைத் தாண்டிப் போய்விடும். செக்லிஸ்ட் தேவைப்படுவது அதனால்தான்.

இப்போது தொழில். போட்டி நிறுவனம் விலையை 10 சதவீதம் குறைத்துவிட்டது என்று வைப்போம். முதல் கேள்வி: இதைச் செய்ய அவர்கள் எதைக் கைவிட்டார்கள்? டெலிவரி வேகமா, விற்பனைக்குப் பிந்தைய சர்வீஸா, டீலர் கமிஷனா? கேண்டிடேட் மூன்று: நாமும் குறைப்பது, விலையை வைத்துக்கொண்டு சேவையைக் கூட்டுவது, அந்தப் பொருளிலிருந்து விலகுவது. கணக்கு: 100க்கு விற்கும் பொருளின் நேரடிச் செலவு 80 என்றால் லாபம் 20. விலை 90 ஆனால் லாபம் 10. அதே மொத்த லாபம் வேண்டுமானால் விற்பனை இரட்டிப்பாக வேண்டும். இந்த ஒரு வரிக் கணக்கைப் போடாமலேயே ‘நாமும் குறைப்போம்’ என்று சொல்கிறவர்கள் ஏராளம். கடைசியாக எதிர்ப்பக்கத்து ‘செக்’: போன மாதம் பழைய விலையில் வாங்கியவர் வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்டால்? போட்டியாளர் இன்னொரு 5 சதவீதம் குறைத்தால்? இவற்றுக்குப் பதில் எழுதிய பிறகுதான் அறிவிப்பு.

இன்னொரு கண்ணி. இரண்டு மூவ்களை நெடுநேரம் மாறி மாறிப் பார்த்து, இரண்டுமே திருப்தி தராமல், நேரம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் அதுவரை பார்க்கவே பார்க்காத மூன்றாவது மூவைப் பட்டென்று போட்டுவிடுவது. சோவியத் கிராண்ட்மாஸ்டர் கோட்டோவ் இதை விளக்கி எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இரண்டு சப்ளையர்களை வாரக்கணக்கில் ஒப்பிட்டுவிட்டு, கடைசி நாளில் வந்த மூன்றாவது கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவது அச்சு அசல் இதேதான். மூன்றாவது ஆள் வரலாம், தவறில்லை. மற்ற இருவருக்கும் நடந்த சோதனை அவருக்கும் நடக்க வேண்டும். நேரமில்லை என்றால் முதல் இருவரில் ஒருவர்தான்.

கடிகாரம்30

கறுப்புக்குதிரை சொன்ன வரிசையை ஒவ்வொரு மூவுக்கும் முழுதாகச் செய்தால் ஆட்டம் நேரத்தில் தோற்றுவிடும். எங்கே செய்வது என்பதுதான் நேர நிர்வாகம்.

பரவலான கிளாசிக்கல் கால அளவை எடுத்துக்கொள்வோம்: முதல் 40 மூவுக்கு 90 நிமிடம், மூவுக்கு 30 விநாடி கூடுதல். 40 மூவ் ஆகும்போது கூடுதலாக வந்த நேரம் 20 நிமிடம். மொத்தம் 110. சராசரி 2 நிமிடம் 45 விநாடி. ஆனால் சராசரிப்படி ஆடினால் உருப்படாது. முதல் 10 மூவ் தெரிந்த ஓபனிங் (முன்பே படித்துவைத்த தொடக்க மூவ்கள்). அதற்கு 15 நிமிடம் தாராளம். 11 முதல் 25 வரைதான் ஆட்டத்தின் போக்கு முடிவாகிறது. அங்கே 60 நிமிடம். மீதி 35 நிமிடம் கடைசி 15 மூவுக்கு. ஒவ்வொரு மூவையும் குறிப்புத்தாளில் எழுதும்போது மீதமுள்ள நிமிடத்தையும் பக்கத்தில் எழுதுவது பயிற்சியாளர்கள் வற்புறுத்தும் பழக்கம். 20ஆவது மூவில் கையிலிருப்பது 40 நிமிடத்துக்குக் கீழே போனால் அபாய மணி.

அந்த 60 நிமிடத்தையும் சமமாகப் பிரிக்கக் கூடாது. திரும்பப் பெற முடியாத மூவுக்குத்தான் நேரம். சிப்பாய் பின்னால் நகராது, ஆகவே சிப்பாய் நகர்வு. ராணிகளை மாற்றிக்கொள்வது. எண்ட்கேமுக்குள் (காய்கள் குறைந்த கடைசிப் பகுதிக்குள்) இறங்கும் காய் பரிமாற்றம். பலி கொடுப்பது. ராஜாவின் முன்னாலிருக்கும் சுவரைத் திறப்பது. இந்த இடங்களில் 10, 15 நிமிடம் செலவழித்தாலும் வீணில்லை. குதிரையை ஒரு நல்ல கட்டத்திலிருந்து இன்னொரு நல்ல கட்டத்துக்கு மாற்ற 12 நிமிடம் யோசிப்பதுதான் வீண். தப்பாகிவிட்டால் திரும்பி வரலாம், இரண்டு மூவ் மட்டும் நஷ்டம்.

அலுவலகத்தில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. விளம்பர வாசகத்துக்கு மூன்று கூட்டம், ஐந்து வருட வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு தொலைபேசி உரையாடல். ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ஒரே கேள்வி: ‘இது தப்பு என்று மூன்று மாதத்தில் தெரிந்தால் திரும்பி வர என்ன செலவாகும்?’ பங்கு கொடுத்துக் கூட்டாளி சேர்ப்பது, நீண்டகால ஒப்பந்தம், முக்கியமான ஆளை வெளியேற்றுவது, வாடிக்கையாளர் தரவை இன்னொரு மென்பொருளுக்கு மாற்றுவது இவையெல்லாம் சிப்பாய் நகர்வுகள். பாக்கெட்டின் நிறம், கூட்டம் நடக்கும் கிழமை, சோதனை விளம்பரம் இவை குதிரை நகர்வுகள். பின்னதற்கு ஒரு மணி நேர வரம்பு வைத்து, அதற்குள் யாராவது ஒருவர் முடிவெடுத்துவிட வேண்டும்.

நேர நெருக்கடியிலேயே வாழ்கிறவர்களுக்கு சோவியத் உலக சாம்பியனாக இருந்த பாட்வின்னிக் ஒரு மருந்து சொன்னார். பயிற்சி ஆட்டங்கள் ஆடு. அதில் வெற்றி தோல்வியைப் பார்க்காதே, கடிகாரத்தை மட்டும் பார். நேரத்துக்குள் முக்கியமானதை எல்லாம் யோசித்து முடிக்கும் பழக்கம் வரும்வரை தொடர். சின்ன முடிவுகளை வரம்பு நேரத்துக்குள் எடுத்துப் பழகுவது இதே மருந்துதான், தரத்தைப் பற்றிய கவலை அப்புறம்.

நாலுவரிக்கணக்கு

இரண்டு பதிவுகளும் அருமை. ஆனால் ஒரு எச்சரிக்கையைப் பதிவு செய்யாமல் போக மனமில்லை.

செஸ் ஆடினால் மற்ற எல்லாவற்றிலும் மூளை கூர்மையாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் பெரிய அளவில் ஒரு சோதனை நடந்தது. தேர்ந்தெடுத்த பள்ளிகளில் பிள்ளைகளுக்கு 30 மணி நேரம் செஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து எடுத்த கணிதத் தேர்வில், கற்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. 2016இல் அறிக்கை வெளிவந்தது. திறமை தானாகத் தாவாது. முறையை நாமாக எடுத்துப் போய்ப் பொருத்தினால்தான் உண்டு, அதுவும் பொருந்தும் இடத்தில் மட்டும்.

பொருந்தாத இடங்கள் நிறைய. செஸ்ஸில் எல்லாக் காயும் கண்முன் இருக்கிறது. தொழிலில் போட்டியாளரின் கையிருப்புப் பணமோ வாடிக்கையாளரின் மனதோ தெரியாது. செஸ்ஸில் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பது. சப்ளையரை எதிராளியாக நினைத்து ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கடைசிச் சொட்டுவரை பிழிகிறவர், தட்டுப்பாடு வரும்போது அவருடைய பட்டியலில் கடைசி ஆளாக நிற்பார்.

எனக்கு இவற்றைவிடப் பெரியதாகப் படுவது மூன்றாவது வேறுபாடு. செஸ்ஸில் பாஸ் கிடையாது. உன் முறை வந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். எதை நகர்த்தினாலும் கெட்டுப்போகும் நிலைக்கு சுக்ஸ்வாங் என்றே பெயர். எண்ட்கேமில் பல வெற்றிகள் இதனால்தான் கிடைக்கின்றன. தொழிலில் பெரும்பாலான நாட்களில் பாஸ் சொல்லலாம். போட்டியாளர் புதிதாக ஒன்றை இறக்கிவிட்டார் என்பதற்காக நாமும் இந்த வாரமே இறக்க வேண்டிய கட்டாயம் எந்த விதியிலும் இல்லை. செஸ்ஸில் ஊறியவர்கள் தொழிலுக்கு வரும்போது, ‘இப்போது என் முறை’ என்ற உணர்வு அவர்களைத் தேவையில்லாத நகர்வுக்குத் தள்ளும். ஆகவே கறுப்புக்குதிரையின் கேண்டிடேட் பட்டியலில் நான்காவதாக ‘இன்னும் 30 நாள் ஒன்றும் செய்யாதிருப்பது’ என்பதை எப்போதும் எழுதுங்கள். எழுதிவிட்டு, அந்த 30 நாளில் என்ன இழப்பு என்று பக்கத்தில் ஒரு எண் போடுங்கள்.

கறுப்புக்குதிரை

நாலுவரிக்கணக்கு சார், பாஸ் பற்றிச் சொன்னது மிகச் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: பாஸ் சொல்ல முடியாத நிலைகள் தொழிலிலும் உண்டு. கையில் மூன்று மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஒவ்வொரு மாதமும் ஒரு மூவ்தான், நகர்த்தாவிட்டாலும் கடிகாரம் ஓடுகிறது. அங்கே உங்கள் 30 நாள் யோசனை ஆபத்து. பக்கத்தில் எண் போடச் சொன்னீர்களே, அதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சிப்பாய்ச்சங்கிலி

ஜெயித்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்று யாரும் இன்னும் பேசவில்லை. தோற்பதைவிட, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை விடுவதுதான் அதிகம் நடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாக.

பொது விதி: காய் பலத்தில் முன்னிலை இருந்தால் காய்களை மாற்றிக்கொள், சிப்பாய்களை மாற்றிக்கொள்ளாதே. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. இருவரிடமும் ராணி, இரண்டு யானை எல்லாம் இருக்கும்போது ஒரு பிஷப் கூடுதல் என்பது சிறிய விகிதம். அவை எல்லாம் போன பிறகு அதே பிஷப்தான் பலகையிலிருக்கும் ஒரே பெரிய காய். ஆனால் சிப்பாய்களும் தீர்ந்துவிட்டால் ராஜாவும் பிஷப்பும் மட்டும் வைத்து மேட் கொடுக்கவே முடியாது, டிராதான். எட்டாவது வரிசைக்குப் போய் ராணியாகும் வாய்ப்பு சிப்பாயிடம் இருக்கிறது. முன்னிலை பெற்றவருக்கு உயிர்நாடி அதுதான்.

தொழிலில் முன்னிலை என்றால் ஒரு பொருள் நன்றாக ஓடுகிறது, பணம் சேர்கிறது. அப்போது பெரும்பாலும் நடப்பது நான்கு புதுத் திட்டங்களை ஒரே நேரத்தில் திறப்பது. அது ஜெயிக்கிற நிலையில் பலகையைக் குழப்பிவிடுவது போன்றது. குழப்பத்தில் பின்தங்கியவருக்குத்தான் லாபம். செய்ய வேண்டியது பெரிய காய்களைக் குறைப்பது: கடனை அடைப்பது, நிலுவையிலிருக்கும் வழக்கையோ தகராறையோ முடிப்பது, சிக்கலான ஒரு வாடிக்கையாளரைச் சாதாரண ஒப்பந்தத்துக்குக் கொண்டுவருவது. சிப்பாய்களை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிறிய வாடிக்கையாளர்கள், பயிற்சியிலிருக்கும் இளைய ஊழியர்கள், இன்னும் வருமானம் தராத ஆனால் வளரும் ஒரு சேவை.

ஆனால் ‘மாற்றிக்கொண்டால் எளிதாகும்’ என்பதைக் கண்மூடிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர், டிசம்பர் 12. அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிரா செய்யக்கூடிய நிலையில் இருந்தார். இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். 55ஆவது மூவில் யானையை எஃப்2வில் வைத்து யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் போயின. உடனே குகேஷ் தன் பிஷப்பை டி5இல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நின்றதால் தப்பிக்க இடமில்லை, அதுவும் மாறியாக வேண்டும். மீதி சிப்பாய் எண்ட்கேம். அதில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது வெற்றி. 58 மூவில் ஆட்டம் முடிந்து, 7.5-6.5 கணக்கில் 18 வயதில் குகேஷ் சாம்பியன் ஆனார். பின்தங்கியவர் காய்களை மாற்றிக்கொண்டது முதல் தவறு. அந்தப் பரிமாற்றம் இன்னொரு பரிமாற்றத்தைக் கட்டாயப்படுத்தும் என்று பார்க்காதது இரண்டாவது.

ஆகவே பரிமாற்றத்துக்கு முன் என்ன போகிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், பலகையில் என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பிரிவை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற முடிவில் விலை நன்றாகவே இருக்கலாம். மிஞ்சும் பிரிவுகள் அந்தப் பிரிவின் கிடங்கையோ, ஆளையோ, பெயரையோ நம்பி நிற்கின்றனவா என்பதுதான் எஃப்2.

யானைக்கு_வழிவிடு

மேலே தந்த 1-3-3-5-9 பற்றி ஒரு வார்த்தை. அது சராசரி. நிலைதான் மதிப்பை முடிவு செய்யும். 1953 ஜூரிக் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக பெட்ரோசியான் யானையை இ6இல் நிறுத்தி, பிஷப் வந்து வெட்டட்டும் என்று விட்டார். 5 கொடுத்து 3. பதிலுக்கு அவருடைய குதிரை டி5இல் வந்து உட்கார்ந்தது, எதிராளியின் நடுச் சிப்பாய்கள் அப்படியே நின்றுவிட்டன. திறந்த வரிசை (சிப்பாய்கள் மறிக்காத நேர்வழி) இல்லாத யானைக்கு அங்கே வேலையே இல்லை. ஆட்டம் டிரா. மோசமாகிக்கொண்டிருந்த நிலையை அப்படிக் காப்பாற்றினார்.

சம்பளப் பட்டியலில் மேலே இருக்கும் ஆள், அவருடைய திறமைக்கு ஓட வரிசையே இல்லாத பிரிவில் இருந்தால் இதே கதைதான். அவரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, அவருக்காக எந்த வரிசையைத் திறக்கப் போகிறோம் என்று.

கடிகாரம்30

தோல்விக்கு அடுத்த நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

2021 உலக சாம்பியன்ஷிப்பில் முதல் ஐந்து ஆட்டமும் டிரா. ஆறாவது ஆட்டம் 136 மூவ், ஏறத்தாழ எட்டு மணி நேரம். உலக சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே நீளமானது. சாம்பியன் கார்ல்சன் ஜெயித்தார். அதுவரை துல்லியமாக ஆடிய, அவருக்குச் சவால் விட்ட நெப்போம்னியாஷி அதற்குப் பிறகு எட்டாவது, ஒன்பதாவது, பதினோராவது ஆட்டங்களில் தோற்றார். ஒன்பதாவதில் சி5இல் சிப்பாயைத் தள்ளினார். எதிராளி சி6இல் சிப்பாயை வைத்ததும் நெப்போம்னியாஷியின் பிஷப் பி7இல் மாட்டிக்கொண்டது. அவர் தரத்தில் இருப்பவர் சாதாரண நாளில் ஒரு பார்வையில் காண்கிற விஷயம்.

ஒரு பெரிய இழப்புக்குப் பிறகு தீர்மானிக்கும் திறனே தற்காலிகமாகக் குறைகிறது. அந்த நிலையில் ‘இன்னும் கவனமாக இரு’ என்று சொல்லிப் பயனில்லை. முன்கூட்டியே எழுதிவைத்த விதிதான் காப்பாற்றும். ஆன்லைனில் பிளிட்ஸ் (சில நிமிட அதிவேக ஆட்டம்) ஆடுகிறவர்களுக்கு: தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்கு மூடிவிட வேண்டும். போட்டியில்: தோற்ற மறுநாள் பழகிய ஓபனிங், எளிய நிலை, டிரா வந்தால் வாங்கிக்கொள். தொழிலில்: பெரிய ஒப்பந்தம் கைவிட்டுப் போன பின் 72 மணி நேரம் திரும்பப் பெற முடியாத முடிவு எதுவும் கையெழுத்தாகாது, அவசரம் என்றால் இரண்டாவது ஆளின் கையெழுத்தும் வேண்டும். விதியை எழுத வேண்டியது நன்றாக இருக்கும் நாளில்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: சீக்கிரம் கைவிடுவது. 1997இல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவ் ரிசைன் செய்தார், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டார். தொடர் செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது என்பது பிறகு தெரிந்தது. இவ்வளவு பலமாக ஆடிய இயந்திரம் அப்படி ஒரு ஓட்டையை விட்டிருக்காது என்று நம்பியதுதான் காரணம். எதிராளியின் பெயரைப் பார்த்து முடிவெடுத்தால் இதுதான் நடக்கும். பெரிய நிறுவனம் டெண்டரில் இருக்கிறது என்று ஒதுங்குவதற்கு முன், பெயரை மறைத்துவிட்டு அவர்களுடைய நிபந்தனைகளை மட்டும் படியுங்கள்.

நடுப்பலகை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, ஆறேழு பேர் இருக்கும் குழுவில் ‘எதிராளியின் நாற்காலியில் உட்காருவதை’ எப்படி நடத்துவது? இரண்டு, ஆட்டம் முடிந்தபின் செய்யும் அலசல். எஞ்சினை (ஆட்டத்தை அலசும் செஸ் மென்பொருளை) திறந்தால் இரண்டு நிமிடத்தில் தப்பெல்லாம் தெரிந்துவிடுகிறதே, பிறகு ஏன் பயிற்சியாளர்கள் கையால் எழுதச் சொல்கிறார்கள்?

கறுப்புக்குதிரை

முதல் சந்தேகத்துக்கு. ஒருவரை எதிராளியாக நியமியுங்கள். முடிவை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். பத்து நிமிடம் அவர் தனியாக உட்கார்ந்து மூன்றே மூன்று பதில்களை எழுத வேண்டும்: நம்மை உடனே பதில் சொல்ல வைக்கும் ஒன்று (செக்), நம்மிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும் ஒன்று (வெட்டு), அடுத்த மாதம் செய்யப்போவதாகப் பயமுறுத்தும் ஒன்று (மிரட்டல்). அவர் வாசிக்கும்போது யாரும் குறுக்கிடக் கூடாது. பிறகு 15 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் நம் பதில். பதில் இல்லாதது ஒன்று இருந்தாலும் முடிவு தள்ளிப்போகும்.

கெட்டுப்போகும் இடம்: குழுவிலேயே இளையவரை நியமித்தால் அவர் மேலதிகாரிக்குப் பயந்து மென்மையாக எழுதுவார். எப்போதும் ஒருவரையே நியமித்தால் மற்றவர்கள் அவரைக் குறை சொல்லும் ஆள் என்று ஒதுக்குவார்கள். ஆகவே சுற்று முறை, அதிலும் முதல் முறை குழுத் தலைவரே உட்கார வேண்டும்.

சிப்பாய்ச்சங்கிலி

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். எஞ்சின் தப்பு எது என்று காட்டும், ஏன் நடந்தது என்று காட்டாது. அந்தக் காரணம் ஆடியவர் தலைக்குள் இருக்கிறது, ஒரு நாளில் மறந்துவிடும். முதலில் எஞ்சின் இல்லாமல்: எந்த மூவில் என்ன நினைத்தேன், வேறு எதைப் பார்த்தேன், எவ்வளவு நேரம், நிலை யாருக்குச் சாதகம் என்று கருதினேன். பிறகு எஞ்சின். பிறகு ஒவ்வொரு தப்பையும் ஐந்து கட்டங்களில் ஒன்றில் போடுங்கள்: கணக்குப் பிழை, எதிராளி மூவைப் பார்க்கவே இல்லை, நேர நெருக்கடி, தப்பான திட்டம், ஓபனிங் அறிவு இல்லை. இருபது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கட்டத்தில் குவிந்திருக்கும். நேர நெருக்கடியில் குவிந்தவர் ஓபனிங் படிப்பதால் பயன் சொற்பம்.

முக்கியம், ஜெயித்த ஆட்டங்களையும் சேர்க்க வேண்டும். ஈலோ (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ரேட்டிங்) கணக்குப்படி 200 புள்ளி அதிகமுள்ளவர் எதிர்பார்க்கக்கூடிய ஆட்டப் புள்ளி 76 சதவீதம்தான், 400 அதிகமானாலும் ஏறத்தாழ 91. நன்றாக ஆடியும் புள்ளி போகும், சுமாராக ஆடியும் ஜெயிக்கலாம். முடிவைப் பார்த்து ஆட்டத்தை எடைபோட்டால் கற்றுக்கொள்வதே தப்பாகிவிடும்.

ஈலோவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கே என்ற பெருக்கி. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியில் புதிதாக ரேட்டிங் வாங்கியவருக்கு 40, பிறகு 20, 2400 தொட்டவருக்கு 10. ஒரே தோல்வி புதியவரின் ரேட்டிங்கை அதிகம் நகர்த்தும், பழையவருடையதைக் கொஞ்சம். புதிய பொருளை இறக்கியவர் முதல் பத்து வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு வேகமாக மாற்றிக்கொள்ளலாம். பத்து வருடமாக ஓடும் பொருளை இரண்டு புகார்களுக்காகத் தலைகீழாக்குவது தவறான கே.

நாலுவரிக்கணக்கு

சிப்பாய்ச்சங்கிலி சொன்ன குறிப்பேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு தடை. எல்லா முடிவையும் எழுதச் சொன்னால் மூன்றாவது வாரம் நின்றுபோகும். கடிகாரம்30 பிரித்துக் காட்டிய சிப்பாய் நகர்வுகளை மட்டும் எழுதினால் போதும். எழுதும்போது நிகழும் பெரிய பிழை, ‘நன்றாகப் போகும் என்று நம்புகிறோம்’ என்பது போன்ற வரிகள். பின்னால் அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். ஒரு மாதிரி:

முடிவு: இரண்டாவது கிடங்கை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுப்பது. பார்த்த மாற்று வழிகள்: இருக்கும் கிடங்கில் அடுக்கு கட்டுவது, ஆறு மாதம் வெளியாள் கிடங்கு, 30 நாள் ஒன்றும் செய்யாதிருப்பது. தேர்ந்த காரணம்: இப்போதைய கிடங்கு 90 சதவீதம் நிரம்பியுள்ளது. எதிர்பார்ப்பு: ஆறு மாதத்தில் புதுக் கிடங்கு 60 சதவீதம் நிரம்பும். நம்பிக்கை: 70 சதவீதம். எதிராளி நாற்காலியில் இருந்தவர் எழுதியது: பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போனால் இரண்டு கிடங்கும் பாதி காலி. அதற்கு நம் பதில்: 12ஆவது மாதம் விலகும் ஷரத்து, அபராதம் இரண்டு மாத வாடகை. திரும்பிப் பார்க்கும் நாள்: கையெழுத்திட்டதிலிருந்து 180ஆவது நாள், அன்று ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறி.